வேளச்சேரில இருந்து பெருங்குடிக்கு சைக்கிள்ல ஆபீஸ் போறேன், பின்னாடி வர்ற வண்டிங்க உரசிட்டு போகுது, என்ன பண்ணலாம்?

வேளச்சேரி_மிதிவண்டி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நாலு மாசமா ஆபீஸுக்கு சைக்கிள்ல போயிட்டு வர்றேன். விஜயநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடு, அங்கேர்ந்து தரமணி ரோடு புடிச்சு எஸ்ஆர்பி டூல்ஸ் சிக்னல், அப்புறம் ஓஎம்ஆர்ல (சென்னை பழைய மகாபலிபுரம் ரோடு) பெருங்குடி. ஆறு கிலோமீட்டர் சொச்சம் தான். மெட்ரோ வேலைக்கு தடுப்பு வெச்சதுல இருந்து பைக்ல போனாலே காலைல அரை மணி நேரம் ஆகுது, சைக்கிள்லயும் அதே அரை மணி நேரம், சரி உடம்புக்காவது நல்லதுன்னு ஆரம்பிச்சேன். சுகர் பார்டர்ல இருந்துச்சு, இப்ப இறங்கியிருக்கு, அதனால விட மனசே இல்ல.

போன செவ்வாய்க்கிழமை காலைல எட்டே கால் இருக்கும், தரமணி ரோட்ல ஓரமா தான் போயிட்டு இருந்தேன், பின்னாடி ஒரு ஸ்டாஃப் வேன் ஹாரன் கூட அடிக்காம வந்து அதோட இடது பக்க மிரர் என் வலது முழங்கைல பட்டுச்சு. ஹேண்டில் ஆடி இடது பக்கம் போயி மழைநீர் வடிகால் மூடி மேல ஏறி எப்படியோ கால ஊணி நின்னுட்டேன், அந்த கான்கிரீட் மூடி தார் ரோட்டை விட ரெண்டு இன்ச் ஒசரம், அதுல டயர் மோதுன சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. வேன் நிக்கல. எனக்கு தோணுறது, அந்த டிரைவருக்கு பட்டதே தெரிஞ்சிருக்காது. கை வீங்கிச்சு, எக்ஸ்ரே எடுத்தோம், எலும்புக்கு ஒண்ணும் இல்ல.

வீட்ல அம்மாவும் மனைவியும் சைக்கிள விட்ருன்னு ஒரே பேச்சு. அவங்க பயம் நியாயம் தான். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம படுத்துட்டு இருக்கப்ப ஒண்ணு தோணிச்சு, ஞாயித்துக்கிழமை ஆனா நானும் கார் எடுக்கறவன் தானே. பள்ளிக்கரணை ரேடியல் ரோட்ல பால் கேன் கட்டிட்டு போற பெரியவங்கள நான் எத்தனை தடவை இப்படி ஒரு அடி இடைவெளில தாண்டி போயிருக்கேன், அவங்க பக்கத்துல இருந்து அது எப்படி இருக்கும்னு ஒரு நாள் கூட யோசிச்சதில்ல. அது ரொம்ப உறுத்துது.

அதனால ரெண்டு பக்கமும் கேக்குறேன். சைக்கிள்ல தினமும் போறவங்க, ரோட்டோட எந்த இடத்துல ஓட்டுறீங்க? நான் முடிஞ்ச வரைக்கும் ஓரத்துல ஒட்டி போறேன், அது சரியா? பஸ், லாரி, வேன் ஓட்டுறவங்க யாராவது இருந்தா, உங்களுக்கு எங்கள எப்ப தெரியும், எப்ப தெரியாது, நாங்க என்ன பண்ணா உங்களுக்கு தொந்தரவு, என்ன பண்ணா வசதி, மறைக்காம சொல்லுங்க. திட்டுனாலும் பரவால்ல.

தாம்பரம்_பெடல்

ப்ரோ முதல்ல கை சரியாகட்டும், அவசரப்பட்டு ஏறாதீங்க. நான் தாம்பரத்துல இருந்து கிண்டிக்கு ஜிஎஸ்டி ரோட்ல ஆறு வருஷமா போறேன், மழை நாள் தவிர.

நீங்க கேட்டதுக்கு நேரா பதில், ஓரத்துல ஒட்டி போறது தான் உங்க பிரச்சனை. நானும் முதல் வருஷம் அப்படி தான் போனேன், மூணு தடவை விழுந்தேன். கணக்கு போட்டு பாருங்க, ரோட்ல ஒரு லேன் நல்லபடியா போட்டிருந்தா 3.5 மீட்டர், ஊருக்குள்ள அதை விட குறைச்சலா தான் கிடைக்கும். ஒரு பஸ்ஸோட அகலம் ஏறக்குறைய 2.6 மீட்டர், மிரர் ரெண்டு பக்கமும் அதுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கும். மிச்சம் 90 சென்டிமீட்டர். உங்க ஹேண்டில்பாரே 60 சென்டிமீட்டர். அப்ப ஒரே லேன்ல பஸ்ஸும் சைக்கிளும் பக்கத்துல பக்கத்துல போக இடமே கிடையாது, முந்தணும்னா அவர் அடுத்த லேனுக்கு போயி தான் முந்தணும். ஆனா நீங்க ஓரத்துல ஒண்டிக்கிட்டு போறப்ப பின்னாடி வர்றவருக்கு இடம் இருக்குற மாதிரியே தெரியும், அவரும் ஸ்டியரிங்க திருப்பாம நேரா வந்துடுவாரு. அந்த வேன்காரரும் அப்படி தான் வந்திருப்பாரு, உங்கள இடிக்கணும்னு நினைச்சிருக்க மாட்டாரு.

அதனால விளிம்புல இருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்க. கண்ணாடி துண்டு, மணல், வடிகால் மூடி எல்லாம் ஓரத்துல தான், அதை ஒவ்வொண்ணா தவிர்க்க நீங்க திடீர்னு வலது பக்கம் வளையுவீங்க, பின்னாடி வர்றவருக்கு அது தான் பயம். ஒரு மீட்டர் தள்ளி நேர் கோட்டுல போனா நீங்க எங்க இருப்பீங்கன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். எவனாவது ரொம்ப நெருக்கி வந்தாலும் ஒதுங்க உங்களுக்கு இடது பக்கம் அந்த ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும்.

மெட்ரோ தடுப்பு இருக்குற குறுகலான இடத்துல நான் லேனோட நடுவையே எடுத்துக்குவேன். அதுக்கு முன்னாடியே திரும்பி பாத்து, வலது கைய நீட்டி காட்டிட்டு, வண்டி மெதுவாகுதான்னு உறுதி பண்ணிட்டு தான் நடுவுக்கு வரணும், தடுப்பு முடிஞ்சதும் உடனே இடது பக்கம் ஒதுங்கி பின்னாடி வந்தவருக்கு ஒரு கை காட்டுங்க. பத்து பேர்ல ஒன்பது பேர் அந்த இருபது செகண்ட் பொறுமையா வருவாங்க, நிஜமா சொல்றேன். ஆனா இது மெதுவா ஊர்ற ட்ராஃபிக்ல மட்டும். வண்டிங்க 60, 70ல பறக்குற இடத்துல நடுவுக்கு போகாதீங்க, அங்க வெள்ளை கோட்டுக்கு இடது பக்கம் இருக்குற இடம் தான் நம்மளுது, அதுவும் இல்லன்னா வேற தெரு வழியா போங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆனாலும்.

திரும்பி பாக்குறத ஒரு காலி கிரவுண்டுல பழகுங்க. புதுசா ஓட்டுறவங்க தலைய வலது பக்கம் திருப்புனா ஹேண்டிலும் கூடவே திரும்பும். ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் தரைல சாக்பீஸ் கோடு போட்டு அது மேலயே ஓட்டிட்டு திரும்பி திரும்பி பாத்தீங்கன்னா வந்துடும். ஹேண்டில் முனைல மாட்டுற சின்ன மிரர் கிடைக்குது, நல்லது தான், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க.

இன்னொண்ணு, நிறுத்தி வெச்சிருக்குற கார் பக்கத்துல போறப்ப ஒரு கதவு அளவு தள்ளியே போங்க. நீங்களும் கார் ஓட்டுறவர் தானே, உங்க பக்க கதவ இனிமே இடது கையால திறந்து பாருங்க. உடம்பு தானா வலது பக்கம் திரும்பும், பின்னாடி வர்ற சைக்கிள் கண்ணுல படும். நெதர்லாந்துல இதை பழக்கமாவே வெச்சிருக்காங்க.

பழைய_டிரைவர்

தம்பி, 28 வருஷம் பஸ் ஓட்டிட்டு ரிட்டயர்டு ஆனவன் நான். என் பேத்தி தான் உங்க கேள்விய படிச்சு காட்டுச்சு, நான் சொல்ல சொல்ல அது டைப் பண்ணுது.

பஸ்ல டிரைவர் சீட்டு வலது ஓரத்துல. இடது பக்க பாடி எனக்கு எட்டு அடி தள்ளி இருக்கு. ஒசரத்துல உக்காந்திருக்கோம், எல்லாம் தெரியும்னு ஜனங்க நினைக்கிறாங்க, தூரத்துல இருக்குறது தெரியும், ஆனா முன் பக்க இடது மூலைக்கு கீழ ஒரு சைக்கிள் நின்னா சத்தியமா தெரியாது. அதே மாதிரி பாடிய ஒட்டி இடது பக்கம் நடுவுல ஒரு சைக்கிள் வந்தா மிரர்ல ஒரு கணம் தெரியும், அடுத்த கணம் காணாம போயிடும். சிக்னல்ல பஸ் நிக்கிறப்ப அந்த சந்துல புகுந்து முன்னாடி வர்றாங்க பாருங்க, அது தான் எங்களுக்கு வயித்த கலக்குற விஷயம். நீங்க என் மிரர்ல என் முகத்த பாக்க முடியலன்னா எனக்கும் உங்கள தெரியலன்னு அர்த்தம், இத மனசுல வெச்சுக்கோங்க.

இடது பக்கம் திரும்புற பஸ், லாரி பக்கத்துல எந்த காரணம் கொண்டும் நிக்காதீங்க. முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல ஆறு மீட்டருக்கு கொஞ்சம் கம்மி. திரும்புறப்ப முன் வீல் போன தடத்துல பின் வீல் வராது, உள் பக்கம் அஞ்சு அடி வெட்டிக்கிட்டு தான் வரும். முன் வீல் தாண்டிடுச்சு, இனி பயம் இல்லன்னு நிக்கிறவங்க மேல தான் பின் வீல் வந்து ஏறும். ட்ரெய்லர்னா இன்னும் மோசம்.

எனக்கே நடந்திருக்கு. 96ல ஒரு நாள் விடியக்காலம், அன்னைக்கு முதல் ட்ரிப், இடது பக்கம் திருப்புறேன், ஒரு பால்காரர் உள்ள வந்துட்டாரு. எனக்கு தெரியவே இல்ல. கண்டக்டர் படிக்கட்டுல நின்னவரு விசில விடாம ஊதுனாரு, சாதாரணமா ஒரு விசில்னா நிறுத்தம், ரெண்டுன்னா போகலாம், இவரு நிறுத்தாம ஊதவும் நான் பிரேக்க மிதிச்சேன். இறங்கி பாத்தா பின் டயருக்கும் அந்த ஆளோட காலுக்கும் நடுவுல ஒரு சாண் இல்ல. பால் எல்லாம் ரோட்ல. அந்த மனுஷன் பேச்சே வராம உக்காந்துட்டாரு. நான் அன்னைக்கு பூரா ஸ்டியரிங்க புடிக்க கை நடுங்கிச்சு. அன்னையில இருந்து இடது பக்கம் திருப்புறதுக்கு முன்னாடி இடது மிரர் ஒரு தடவை, கண்டக்டர் கிட்ட "இடது பாருங்க"ன்னு ஒரு குரல், ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் விட்டதில்ல.

பஸ் ஸ்டாப்புல இன்னொரு தொல்லை. நாங்க உங்கள முந்துவோம், நூறு மீட்டர்ல ஸ்டாப்பு, ஓரம் கட்டுவோம், நீங்க எங்கள தாண்டுவீங்க, மறுபடி நாங்க. இதுல தப்பு முக்கால்வாசி எங்க பேர்ல தான். ஸ்டாப்பு வரப்போகுதுன்னு தெரிஞ்சும் சைக்கிள முந்திட்டு உடனே குறுக்க வந்து நிறுத்துறது தப்பு, பின்னாடியே வந்து நின்னா பத்து செகண்டு கூட போகாது. நான் புதுசா வந்த பசங்களுக்கு சொல்லுவேன், நேரத்த சைக்கிள்காரன் கிட்ட புடிக்காத, அது அவன் உயிரு. நீங்க பண்ண வேண்டியது, நின்ன பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல நுழையாதீங்க, ஆளு இறங்குவாங்க. பின்னாடி நில்லுங்க, இல்ல நல்லா பாத்துட்டு வலது பக்கமா போங்க, வலது இண்டிகேட்டர் போட்டுட்டா போகாதீங்க.

வண்டி ஓட்டுற தம்பிங்களுக்கு ஒண்ணு. சைக்கிள முந்துறப்ப எல்லாரும் போறத தான் பாக்குறாங்க, திரும்பி உள்ள வர்றத பாக்க மாட்டாங்க. முன் பக்கம் தாண்டுன உடனே இடது பக்கம் வெட்டுனா உங்க பின் பாடி தான் அவன அடிக்கும், பெரிய வண்டி 11, 12 மீட்டர் நீளம். அந்த சைக்கிள்காரன் முழுசா உங்க இடது மிரர்ல தெரியணும், அப்புறம் தான் உள்ள வரணும். ஏர் ஹாரன பக்கத்துல வந்து அடிக்காதீங்க, அவன் பதறி எந்த பக்கம் சாய்வான்னு யாருக்கு தெரியும். தூரத்துலயே சின்னதா ஒரு ஹாரன், அது போதும்.

கார்காரன்_போரூர்

நீங்க எல்லாம் சொல்றது சரி, ஆனா மறு பக்கமும் பேசணும். நான் தினமும் பைபாஸ் சர்வீஸ் ரோட்ல ராத்திரி பத்து மணிக்கு வர்றேன். எதிர்ல ராங் சைடுல சைக்கிள், லைட்டும் இல்ல, ரிஃப்ளெக்டரும் இல்ல, போட்டிருக்குறது கருப்பு சட்டை, எதிர்ல வர்ற வண்டி ஹை பீம் அடிச்சுட்டு வந்தா எனக்கு அந்த ஆள் இருக்கான்னே தெரியாது, பத்தடில வந்து நிப்பாரு. இதுவரைக்கும் யாரையும் இடிக்கல, அது என் திறமை கிடையாது. எங்க அப்பா காலத்துல டைனமோ லைட் இல்லாம ராத்திரி போனா போலீஸ் நிறுத்தி வீல்ல காத்த புடுங்கி விட்டுடுவாங்கன்னு சொல்லுவாரு, டபுள்ஸ் போனாலும் தான். இப்ப யாரும் கேக்குறதே இல்ல.

கணக்கு சொல்றேன். 60ல போனா ஒரு செகண்டுக்கு 17 மீட்டர் கிட்ட. பாத்து, கால் பிரேக்குக்கு போகவே ஒரு செகண்டு, அப்புறம் வண்டி நிக்க காஞ்ச ரோட்ல இன்னொரு 20 மீட்டர், மொத்தம் 37. என் லோ பீம்ல இருட்டு சட்டை போட்ட ஆள் அந்த தூரத்துல தெரிய மாட்டாரு. 30ல போனா மொத்தமே 13, 14 மீட்டர்ல நின்னுடும். அதனால நான் இப்ப அந்த சர்வீஸ் ரோட்ல 35க்கு மேல போறதில்ல, பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும். ஆனா அவங்களும் ஒரு லைட் போடணும் இல்ல? ராங் சைடுல வந்தா ரெண்டு பேர் வேகமும் கூடி அடி விழும், பின்னாடி இருந்து வர்றப்பவாவது கழிஞ்சு போகும்.

வேளச்சேரி_மிதிவண்டி

நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி சார். ராங் சைடு வர்றது தப்பு தான். ஆனா அப்படி வர்ற பெரியவங்க ஏன் வர்றாங்கன்னும் பாக்கணும், ஓஎம்ஆர்ல ஒரு யூ டர்ன் தவறிட்டா அடுத்தது எவ்வளவு தூரம் தள்ளி இருக்குன்னு தெரியும், அறுபது வயசுல முப்பது கிலோ மூட்டையோட யாரு அவ்வளவு மிதிப்பாங்க. அப்படி வந்தே ஆகணும்னா இறங்கி ஓரமா தள்ளிட்டு போறது தான் வழின்னு எனக்கு தோணுது.

எங்க ஏரியா செக்யூரிட்டி அண்ணன் ஒருத்தர் ராத்திரி டியூட்டிக்கு சைக்கிள்ல தான் வருவாரு, லைட் வாங்க காசு இல்லன்னு இல்ல, கழட்டிட்டு போயிடுறாங்கன்னு சொன்னாரு. லாரிக்கு பின்னாடி ஒட்டுற சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒரு அடி வாங்கி மட்கார்டுலயும் பெடல் ரெண்டுலயும் ஒட்டி குடுத்தேன். அதை யாரும் கழட்ட மாட்டாங்க. பெடல்ல ஒட்டுறது முக்கியம், மேலயும் கீழயும் வெளிச்சம் அசையறப்ப தூரத்துல இருந்தே இது சைக்கிள்னு புரிஞ்சுடும், நானே கார்ல பின்னாடி போயி பாத்தேன்.

பழைய டிரைவர் ஐயா, நீங்க எழுதுனத எங்க வீட்ல சத்தமா படிச்சு காட்டினேன். ரொம்ப நன்றி.

புதுக்கோட்டை_தாய்

தம்பி, நான் பேசப் போறது சென்னை இல்ல, கிராமத்து ரோடு. ஆனா உசுரு ஒண்ணு தானே.

எங்க மாவட்டத்துல 1991, 92ல எழுத படிக்க கத்துக் குடுக்குற அறிவொளி இயக்கம் நடந்தப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா பொம்பளைங்க எல்லாம் சைக்கிள் கத்துக்கணும்னு ஊக்கம் குடுத்தாங்க, வயல் வேலைக்கு போறவங்க, குவாரில கல் உடைக்கிறவங்க, டீச்சருங்கன்னு ஆயிரக்கணக்கான பேர் கத்துக்கிட்டாங்க. நான் அப்ப பதினாலு வயசு, எங்க சித்தியோட சேந்து பொட்டல்ல கத்துக்கிட்டேன். முட்டி எல்லாம் தோல் போச்சு. ஆனா அதுக்கப்புறம் பஸ்ஸுக்காக காத்து நின்னதே இல்ல, தண்ணி எடுக்க, சந்தைக்கு போக, எல்லாத்துக்கும் அது தான். அப்ப ரோட்ல மணிக்கு நாலு வண்டி வந்தா பெருசு.

இப்ப என் மக பதினொண்ணாவது, அரசாங்கம் குடுத்த சைக்கிள்ல நாலு கிலோமீட்டர் போயிட்டு வருது. நான் ஓட்டுன அதே ரோடு, இப்ப அகலப்படுத்தி வழவழன்னு இருக்கு, தனியார் பஸ் டைமிங்குக்கு பறக்குறான், எம் சாண்ட் டிப்பர் பறக்குது. அனுப்பிட்டு வாசல்லயே நிப்பேன்.

எங்க பிள்ளைங்க விழறது வண்டி இடிச்சு இல்ல. பின்னாடி ஹாரன் கேட்டதும் பயந்து தார் ரோட்ட விட்டு மண்ணுல இறங்கிடுதுங்க, புதுசா புதுசா தார் போட்டு போட்டு விளிம்பு அரை அடி ஒசந்து கிடக்கு, இறங்குனது போயி மறுபடி ஏற பாக்குறப்ப முன் டயர் அந்த விளிம்புலயே உரசிக்கிட்டு ஓடும், ஏறாது, அப்படியே ரோட்டு பக்கம் சாஞ்சு விழும். பின்னாடி அடுத்த வண்டி வரும். போன வருஷம் எங்க பக்கத்து ஊர் பிள்ளை ஒண்ணுக்கு அப்படி தான் கை உடைஞ்சுது, தலைல படாதது தெய்வ புண்ணியம். அதுல இருந்து என் மககிட்ட சொல்லி வெச்சிருக்கேன், ஒருவேளை மண்ணுல இறங்கிட்டா ஓட்டிக்கிட்டே ஏறாத, நில்லு, இறங்கு, சைக்கிள தூக்கி வெச்சு ஏறுன்னு. நேரம் ஆனா ஆகட்டும்.

டிப்பர் பக்கத்துல போறப்ப காத்து முதல்ல வெளிய தள்ளும், வண்டி தாண்டுறப்ப உள்ள இழுக்கும். இது யாரும் பிள்ளைங்களுக்கு சொல்றதில்ல. ஹேண்டில இறுக்கி புடிக்காம, முழங்கைய லேசா மடக்கி, மிதிக்கிறத நிறுத்தாம நேரா போன்னு சொல்லிருக்கேன்.

நாங்க ஏழெட்டு தாய்மாருங்க சேந்து ரெண்டு காரியம் பண்ணோம். பிள்ளைங்க மூணு பேர் ஒண்ணா கை கோத்துக்கிட்டு பேசிக்கிட்டு போகும், அதை ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போக வெச்சோம், முதல்லயும் கடைசியிலயும் நல்லா ஓட்டுற பெரிய பிள்ளை. இன்னொண்ணு, அந்த நேரத்துக்கு வர்ற தனியார் பஸ் டிரைவர், கண்டக்டர்கிட்ட நேரா போயி பேசுனோம். சண்டை போடல. எட்டரைல இருந்து ஒம்பதே கால் வரைக்கும் எங்க பிள்ளைங்க இந்த ரோட்ல இருக்குங்க அண்ணே, வளைவுல முந்தாதீங்க, ஹாரன தூரத்துலயே அடிங்கன்னு சொன்னோம். ஒருத்தர் முதல்ல முறைச்சாரு. அப்புறம் எம் பொண்ணும் சைக்கிள்ல தாம்மா போகுதுன்னாரு. இப்ப அந்த வளைவுல அவரு பிள்ளைங்க பின்னாடியே உருட்டிட்டு வர்றத நானே பாத்தேன் தம்பி. டிப்பர்காரங்ககிட்ட தான் இன்னும் பேச முடியல, தினமும் வேற வேற ஆளா வர்றாங்க.

நுங்கம்பாக்கம்_வக்கீல்

ரெண்டு மூணு விஷயம் சட்டம் பத்தி, ஏன்னா இது யாருக்கும் தெரியறதில்ல.

2017ல வந்த மத்திய அரசோட ஓட்டுநர் ஒழுங்குமுறைல வண்டி ஓட்டுறவர் பாதசாரி, சைக்கிள்காரர், குழந்தை, வயசானவங்க, மாற்றுத்திறனாளி இவங்க பாதுகாப்புக்கு தனி கவனம் எடுக்கணும்னு கடமையாவே எழுதியிருக்கு. மீட்டர் கணக்கு இல்ல அதுல, ஜெர்மனி மாதிரி நாடுகள்ல ஊருக்குள்ள சைக்கிள முந்த ஒன்றரை மீட்டர்னு சட்டமே இருக்கு, நம்ம ஊருக்கும் அந்த மாதிரி ஒரு அளவு வேணும்னு என் அபிப்பிராயம். அளவு இருந்தா தான் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுப்பாங்க.

வேன் இடிச்சுட்டு போனப்ப நம்பர் பாக்க முடிஞ்சிருந்தா, அந்த வேனோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல உங்களுக்கு மருத்துவ செலவு கேக்கலாம், சைக்கிள்காரருக்கும் அந்த உரிமை முழுசா உண்டு. நம்பரே தெரியாம போயிட்டாலும், பலத்த காயம்னா 50,000 ரூபாய், உயிர் போனா 2 லட்சம், அரசு நிதில இருந்து கேக்க வழி இருக்கு, 2022 ஏப்ரல்ல இருந்து இந்த தொகை. அதுக்கு போலீஸ்ல புகார் பதிவாகி இருக்கணும். அதனால சின்ன அடின்னாலும் ஒரு புகார் குடுத்துடுங்க.

அதை விட முக்கியம், யாராவது விழுந்து கிடந்தா நிக்கிறதுக்கு பயப்படாதீங்க. 2019 மோட்டார் வாகன சட்ட திருத்தத்துக்கு அப்புறம் உதவி பண்றவர் மேல வழக்கு போட முடியாது, பேர், அட்ரஸ் சொல்லணும்னு கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, அதுல சேந்த ஆஸ்பத்திரி தனியாரா இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்கு குறிப்பிட்ட உச்சவரம்பு வரைக்கும் சிகிச்சைக்கு காசு கேக்கக்கூடாது. 108 கூப்புடுங்க, கழுத்து, முதுகு அடின்னு சந்தேகம் இருந்தா நீங்களா தூக்கி ஆட்டோல போடாதீங்க.

தாம்பரம்_பெடல்

அக்கா எழுதுனத படிச்சதும் ஒண்ணு சேக்கணும்னு தோணிச்சு. மழைல நம்ம ரிம் பிரேக் பாதி தான் புடிக்கும், முதல் ரெண்டு சுத்து தண்ணிய துடைக்கவே போயிடும், அதனால முன்னாடியே லேசா புடிச்சுட்டே வரணும். மெட்ரோ வேலைல ரோட்டு மேல இரும்பு தகடு போட்டிருப்பாங்க, ஈரத்துல சோப்பு மாதிரி வழுக்கும், அது மேல திருப்பவும் கூடாது, பிரேக்கும் புடிக்கக் கூடாது, நேரா உருண்டு போயிடணும். பிரேக் கட்டை தேஞ்சிருந்தா இந்த வாரமே மாத்துங்க ப்ரோ, ஐம்பது ரூபா வேலை.

வேளச்சேரி_மிதிவண்டி

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். கை சரியாயிடுச்சு, வீல் பெண்ட் எடுத்தாச்சு, பிரேக் கட்டையும் மாத்தினேன். திங்கக்கிழமைல இருந்து மறுபடி போறேன்.

விளிம்புல இருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுறேன். முதல் நாள் ரொம்ப பயமா இருந்துச்சு, பின்னாடி ஒரு தண்ணி லாரி வந்துச்சு, ஹாரன் அடிச்சாரு, நான் திரும்பி பாத்து கைய காட்டினேன், அவரு நிஜமாவே மெதுவாகி அடுத்த லேனுக்கு போயி தான் முந்துனாரு. தாண்டுறப்ப கிளீனர் பையன் ஜன்னல்ல இருந்து என்னைய பாத்துட்டே போனான். அஞ்சு நாள்ல ஒரே ஒரு பைக் தான் நெருக்கி வந்துச்சு, அதுவும் டெலிவரி தம்பி, பாவம் அவனுக்கு என்ன அவசரமோ. எஸ்ஆர்பி டூல்ஸ் சிக்னல்ல பஸ் பக்கத்துல நுழையறத விட்டுட்டேன், பின்னாடியே நிக்கிறேன், புகை தான் கொஞ்சம் அதிகம், மாஸ்க் போட்டுக்குறேன்.

கார்லயும் மாத்திக்கிட்டேன். நேத்து ரேடியல் ரோட்ல ஒரு பெரியவர், கேரியர்ல ரெண்டு பால் கேன், எதிர் பக்கம் வண்டி வந்துட்டே இருந்துச்சு, முந்த இடம் இல்ல. அவர் பின்னாடியே இருபதுல போனேன். பின்னாடி ரெண்டு மூணு பேர் ஹாரன் அடிச்சாங்க. கால் மணி நேரம் மாதிரி இருந்துச்சு, மனைவி போன்ல பாத்துட்டு ஒரு நிமிஷம் கூட ஆகலன்னாங்க. இடம் கிடைச்சதும் நல்லா தள்ளி தாண்டுனோம், அவர் முழுசா மிரர்ல தெரியுற வரைக்கும் உள்ள வரல ஐயா.